சேவ் செய்த பிறகும் குரல் காணாமல் போவது ஏன்? ஒலிப்பதிவு மென்பொருளில் கோப்புகளைக் காக்கும் வழி

ஒலிப்பதிவு மென்பொருளைப் பயன்படுத்தும் பலருக்கும் என்றாவது ஒரு நாள் இந்த அதிர்ச்சி வருவதுண்டு. பழைய கணினியில் நாள்கணக்கில் உட்கார்ந்து தொகுத்த பதிவைப் புதிய கணினியில் திறப்பார்கள். டிராக்குகள் வரிசையாக இருக்கும். வைத்த பெயர்கள், வெட்டிய இடம், ஒட்டிய இடம் எல்லாம் அப்படியே தெரியும். பிளே பொத்தானை அழுத்தினால் மட்டும் சத்தம் வராது. கோப்பைக் காணவில்லை என்று மென்பொருள் சொல்லும். "பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேவ் செய்துகொண்டுதானே இருந்தேன்!" என்று தலையில் கை வைப்பார்கள்.

சேவ் செய்தது உண்மைதான். ஆனால் சேவ் ஆனது குரல் அல்ல. இந்த ஒரு வேறுபாடு தெரியாததால் திரும்பக் கிடைக்காத பதிவுகள் வீணாகின்றன. ஒரு பாடலை மறுபடி பாடச் சொல்லலாம். ஆனால் வீட்டுப் பெரியவர் தம் இளமைக் காலத்தைச் சொல்லி முடித்த ஒரு மணி நேரப் பேச்சையும், இன்று நம்முடன் இல்லாத ஒருவர் மேடையில் ஆற்றிய உரையையும் மறுபடி பதிவு செய்ய முடியாது. எனவே, இத்தகைய மென்பொருள்கள் ஒலியையும் வீடியோவையும் எங்கே வைக்கின்றன, அவற்றை எப்படி ஒரே இடத்தில் சேர்ப்பது, எந்த வடிவில் வெளியே எடுப்பது என்பதை இங்கே விளக்கமாகப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்கு ரீப்பர் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். வின்ஆம்ப் பாடல் இயக்கியை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கெல் தொடங்கிய காக்கோஸ் நிறுவனத்தின் தயாரிப்பு இது. 2005-இல் முதலில் வெளியானது. வேறு மென்பொருள் பயன்படுத்துபவர்களுக்கும் அடிப்படை ஒன்றுதான். பொத்தான்களின் பெயர் மட்டும் மாறும்.

சேவ் ஆவது எது?

வேர்டில் ஒரு கடிதம் எழுதிச் சேமித்தால் கடிதத்தின் எழுத்துகள் அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கும். அதே எண்ணத்தோடுதான் நாம் ஒலிப்பதிவு மென்பொருளுக்கும் வருகிறோம். அங்கே கதை வேறு.

கல்யாண வீட்டில் பண்டாரி எழுதித் தரும் சாமான் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடையில், எந்தச் சாமான், எவ்வளவு என்று அதில் தெளிவாக இருக்கும். ஆனால் சீட்டு சட்டைப்பையில் இருப்பதாலேயே சட்டி நிறைந்துவிடாது. ரீப்பரின் ப்ராஜெக்ட் கோப்பும் இப்படி ஒரு சீட்டுதான். ஆர்பிபி என்ற பின்னொட்டுடன் வரும் அந்தக் கோப்பை நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். "இந்த ஃபோல்டரில் உள்ள இந்தக் கோப்பை எடு, அதில் 12-ஆவது நொடியிலிருந்து 40-ஆவது நொடிவரை இங்கே ஒலிக்கச் செய், சத்தத்தை இந்த அளவுக்குக் குறை" என்ற வகையான குறிப்புகளே அதில் இருக்கும். ஒலி வேறு கோப்பில், பெரும்பாலும் வேவ் கோப்பில், தனியாக இருக்கும்.

அளவைப் பார்த்தாலே இது விளங்கிவிடும். ஒரு மணி நேர ஸ்டீரியோ பதிவு 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் ஏறத்தாழ 1 ஜிபி இடம் பிடிக்கும். சிறிய ப்ராஜெக்ட் ஒன்றின் ஆர்பிபி கோப்போ சில கிலோபைட்டுகளில் அடங்கிவிடும். அதை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, "பதிவை அனுப்பிவிட்டேன்" என்று சொல்பவர் சீட்டை அனுப்பியிருக்கிறாரே தவிர, சாமானை அனுப்பவில்லை.

இப்படி அமைத்ததற்குக் காரணமும் உண்டு. மூல ஒலியை மென்பொருள் தொடுவதே இல்லை. நீங்கள் எத்தனை முறை வெட்டினாலும், எக்கோ சேர்த்தாலும், மாறுவது குறிப்பு மட்டுமே. மனம் மாறினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். ஒரே ஒலிக்கோப்பை நூறு இடங்களில் பயன்படுத்தினாலும் கணினியில் அது ஒரு முறைதான் இடம் பிடிக்கும். இந்த வசதிக்கு நாம் கொடுக்கும் விலை, கோப்புகள் எங்கே இருக்கின்றன என்பதில் கவனமாக இருப்பதுதான்.

ஆடாசிட்டி தரும் பாடம்

இலவசமாகக் கிடைப்பதால் நம்மில் பலர் முதலில் கையில் எடுப்பது ஆடாசிட்டி. 2000-ஆம் ஆண்டில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த இந்த மென்பொருள், நீண்ட காலம் ஒரு ப்ராஜெக்ட்டை இரண்டு பகுதிகளாகவே சேமித்தது. ஒன்று, ஏயுபி என்ற சிறிய கோப்பு. மற்றொன்று, அதே பெயருடன் 'டேட்டா' என்ற சொல் சேர்ந்த ஒரு ஃபோல்டர். ஒலி முழுவதும் அந்த ஃபோல்டருக்குள் சிறு சிறு துண்டுகளாக இருக்கும். சிறிய கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்துச் சென்றவர்களும், "இது என்ன வேண்டாத ஃபோல்டர்" என்று டேட்டா ஃபோல்டரை அழித்தவர்களும் தங்கள் பதிவை இழந்தார்கள்.

2021 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் இது மாற்றப்பட்டது. இப்போது ஏயுபி3 என்ற ஒரே கோப்புக்குள் ஒலியும் குறிப்பும் சேர்ந்தே இருக்கின்றன. நல்ல மாற்றம்தான். ஆனாலும் ஏயுபி3 கோப்பு ஆடாசிட்டிக்கு மட்டுமே புரியும். கைப்பேசியில் அது ஒலிக்காது. சேவ் செய்வது வேறு, எக்ஸ்போர்ட் செய்வது வேறு என்ற பாடம் அங்கும் மாறவில்லை. சேவ் என்பது நாளைக்கு வேலையைத் தொடர. எக்ஸ்போர்ட் என்பது அந்த மென்பொருள் இல்லாதவரும் கேட்க.

பதிவைத் தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

ரீப்பரைத் திறந்தவுடன் பதிவுப் பொத்தானை அழுத்திவிடாதீர்கள். ப்ராஜெக்ட்டுக்குப் பெயர் வைக்காமல் பதிவு செய்தால், ஒலிக்கோப்புகள் பொதுவான ஓர் இடத்துக்குப் போய், வேறு பதிவுகளோடு கலந்து கிடக்கும். ஆறு மாதம் கழித்து எது எதற்கு உரியது என்று கண்டுபிடிப்பது பெரும் பாடு.

முதல் வேலை, 'சேவ் ப்ராஜெக்ட் அஸ்' என்பதைத் திறந்து பெயர் கொடுப்பது. அந்தப் பெட்டியின் கீழ்ப்பகுதியில் ப்ராஜெக்ட்டுக்கெனத் தனி ஃபோல்டரை உருவாக்கும் தேர்வு இருக்கும். அதை டிக் செய்துவிடுங்கள். அதன் பிறகு பதிவாகும் ஒலி எல்லாம் அந்த ஃபோல்டருக்குள்ளேயே போய்ச் சேரும்.

இரண்டாவது வேலை, பெயரில் ஒழுங்கு. 'புதியது', 'கடைசி', 'கடைசி 2', 'உண்மையான கடைசி' என்று வைக்கும் பெயர்கள் ஒரு வாரம் கழித்து வைத்தவருக்கே புரியாது. ஆண்டு, மாதம், நாள், பிறகு பொருள் என்ற வரிசையில் பெயர் வைத்தால் கணினி தானாகவே தேதி வாரியாக அடுக்கிவிடும். டிராக்குகளுக்கும் பதிவுக்கு முன்பே பெயர் வைத்துவிடுங்கள். ரீப்பர் அந்தப் பெயரையே ஒலிக்கோப்புக்கும் சூட்டும்.

மூன்றாவது வேலை, வெளியிலிருந்து வரும் கோப்புகள். பெரும்பாலான இழப்புகள் இங்கேதான் நடக்கின்றன. நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒலியை டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்து அப்படியே இழுத்து டிராக்கில் போடுகிறோம். கேமராக்காரர் கொடுத்த பென் டிரைவிலிருந்து வீடியோவை நேரடியாக இழுத்துப் போடுகிறோம். ரீப்பர் வழக்கமாக அவற்றை நகலெடுக்காது. இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்வதோடு சரி. பென் டிரைவைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் வீடியோ காணாமல் போகும். டவுன்லோட்ஸை ஒரு நாள் சுத்தம் செய்தால் ஒலியும் போய்விடும். எனவே வெளிக்கோப்பு எதுவானாலும் முதலில் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் நகலெடுங்கள். பிறகு அங்கிருந்து டிராக்குக்கு இழுங்கள்.

ஏற்கெனவே சிதறிக் கிடந்தால்

பழைய ப்ராஜெக்ட்டுகளில் கோப்புகள் நாலா பக்கமும் சிதறிக் கிடக்கிறதா? கவலை வேண்டாம். எல்லாக் கோப்புகளும் இன்னும் கிடைக்கும் நிலையில், பழைய கணினி வேலை செய்துகொண்டிருக்கும்போதே, இதைச் செய்துவிடுங்கள். ப்ராஜெக்ட்டைத் திறந்து மறுபடி 'சேவ் ப்ராஜெக்ட் அஸ்' போங்கள். மீடியா கோப்புகள் அனைத்தையும் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் நகலெடுக்கும் தேர்வு அங்கே இருக்கும். அதை டிக் செய்து, வெளி ஹார்ட் டிஸ்க்கில் புதிய ஃபோல்டரைக் காட்டிச் சேமியுங்கள். அருகிலேயே கோப்புகளை நகர்த்தும் தேர்வும் இருக்கும். நகர்த்தினால் பழைய இடத்தில் கோப்பு இருக்காது. அதே ஒலியைப் பயன்படுத்தும் வேறு ப்ராஜெக்ட் இருந்தால் அது பாதிக்கப்படும். ஆகவே நகலெடுப்பதே நல்லது.

சேமித்த பிறகு ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். ஒலிக்கோப்புகளும் வீடியோவும் வந்திருக்கின்றனவா? அளவு சரியாக இருக்கிறதா? இதைவிட உறுதியான சோதனை ஒன்று உண்டு. அந்த ஹார்ட் டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி ப்ராஜெக்ட்டைத் திறந்து பாருங்கள். பழைய கணினியிலேயே சோதித்தால், மென்பொருள் பழைய இடத்துக் கோப்பையே எடுத்து ஒலிக்கக்கூடும். நாமும் எல்லாம் சரி என்று ஏமாந்துபோவோம்.

ஏதோ ஒரு கோப்பு காணவில்லை என்று ரீப்பர் சொன்னால் அவசரப்பட்டுச் சேவ் செய்துவிடாதீர்கள். கோப்பைத் தேடும் வசதி அந்த அறிவிப்புப் பெட்டியிலேயே இருக்கிறது. கோப்பு வேறு ஃபோல்டருக்கு மாறியிருந்தால் அதன் மூலம் காட்டிக் கொடுக்கலாம். அதேபோல், பயன்படாத கோப்புகளை நீக்கும் 'கிளீன் கரன்ட் ப்ராஜெக்ட் டைரக்டரி' என்ற கட்டளையை மிகக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். இந்த ப்ராஜெக்ட்டுக்குத் தேவையில்லாத கோப்பு, அதே ஃபோல்டரில் உள்ள இன்னொரு ப்ராஜெக்ட்டுக்குத் தேவைப்படலாம். ஒரு ஃபோல்டருக்கு ஒரு ப்ராஜெக்ட் என்ற விதியைக் கடைப்பிடித்தால் இந்தச் சிக்கலே வராது.

44,100-ஆ, 48,000-ஆ?

புதிய ப்ராஜெக்ட்டில் நம்மைக் குழப்பும் எண் சாம்பிள் ரேட். ஒரு நொடியில் ஒலி எத்தனை முறை அளக்கப்படுகிறது என்பதே அதன் பொருள். சிடிக்கு 44,100, வீடியோவுக்கு 48,000.

44,100 என்ற எண் வந்த கதை சுவையானது. 1970-களின் இறுதியில் டிஜிட்டல் ஒலியைச் சேமிக்கும் அளவுக்குப் பெரிய டிஸ்க்குகள் எளிதில் கிடைக்கவில்லை. அதனால் ஒலியின் எண்களைப் படம்போல மாற்றி வீடியோ டேப்பில் பதிந்தார்கள். படத்தின் ஒரு வரிக்கு 3 எண்கள். ஒரு வகை வீடியோ முறையில் 245 வரி, நொடிக்கு 60 புலங்கள்; மற்றொன்றில் 294 வரி, 50 புலங்கள். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், 44,100 வரும். அந்த எண்ணே 1982-இல் வந்த சிடிக்கும் நிலைத்துவிட்டது.

வீடியோவுக்கு 48,000 வசதியானது என்பதற்கும் எளிய கணக்கு உண்டு. நொடிக்கு 24 படம் என்றால் ஒரு படத்துக்குச் சரியாக 2,000 அளவுகள். 25 என்றால் 1,920. 30 என்றால் 1,600. மீதமே வராது. 44,100-ஐ 24-ஆல் வகுத்தால் 1,837.5 என்று பின்னம் வரும். ஆகவே பதிவு என்றாவது வீடியோவோடு சேரக்கூடும் என்று தோன்றினால் தொடக்கத்திலேயே 48,000 வைத்துவிடுங்கள். பிட் அளவுக்கு 24 போதும். பழைய ஒலிப்பதிவுகளைப் பாதுகாப்பதற்கான உலக ஒலி ஆவணக் காப்பகச் சங்கத்தின் வழிகாட்டியும் குறைந்தபட்சம் 48,000, 24 பிட் என்றே பரிந்துரைக்கிறது.

இரண்டு எண்களும் கலந்தால் மென்பொருள் பொதுவாகத் தானே மாற்றிக்கொள்ளும். ஆனால் 44,100-இல் பதிந்த கோப்பை ஏதோ ஒரு கருவி 48,000 என்று தவறாகப் படித்துவிட்டால், பேச்சு ஏறத்தாழ 9 விழுக்காடு வேகமாகி, குரலும் ஒன்றரை அரைச்சுரம் உயர்ந்துவிடும். உங்கள் பதிவில் பேசுபவர் திடீரென்று சிறுவன் குரலில் அவசரமாகப் பேசினால் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

இன்னொரு எச்சரிக்கை: சாதாரண வேவ் கோப்பு 4 ஜிபிக்கு மேல் வளர முடியாது. 48,000, 24 பிட் ஸ்டீரியோவில் அது நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். விடிய விடிய நடக்கும் நிகழ்ச்சியைப் பதிவதானால் இடைவேளையில் நிறுத்தி மீண்டும் தொடங்குங்கள். அல்லது ரீப்பரின் பதிவு அமைப்புகளில் பெரிய கோப்புகளுக்கான ஆர்எஃப்64 அல்லது வேவ்64 வகையைத் தேர்ந்தெடுங்கள்.

வீடியோவோடு சேர்க்கும்போது

கைப்பேசியில் வீடியோ, தனிக் கருவியில் நல்ல ஒலி என்று இரண்டையும் எடுத்து, பிறகு சேர்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ரீப்பரில் வீடியோவையும் ஒலியைப் போலவே டிராக்கில் போடலாம். கன்ட்ரோல், ஷிப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் படம் ஒரு சிறு சன்னலில் தெரியும்.

இங்கே முக்கியம், உதடும் குரலும் பொருந்துவது. ஒலி படத்துக்கு முன்னால் வந்தால் மனிதர்கள் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள். பின்னால் வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார்கள். ஒலிபரப்புக்கான பன்னாட்டுப் பரிந்துரை, ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே கண்ணுக்கு உறுத்தும் என்றும், பிந்துவதாக இருந்தால் 125 மில்லிநொடிவரை பெரும்பாலோருக்குத் தெரியாது என்றும் சொல்கிறது. இது இயற்கையோடு ஒத்துப்போவதுதான். தூரத்தில் ஒருவர் மரம் வெட்டினால் கோடரி விழுவதை முதலில் பார்க்கிறோம், சத்தத்தைப் பிறகு கேட்கிறோம். ஒலி முந்தி வந்து நமக்குப் பழக்கமே இல்லை.

பொருத்துவதற்கு எளிய வழி, பதிவின் தொடக்கத்தில் கேமராவுக்கு எதிரே ஒருமுறை பலமாகக் கை தட்டுவது. படத்தில் கைகள் சேரும் இடத்தையும், ஒலியில் அலை குத்திட்டு நிற்கும் இடத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துவிட்டால் வேலை முடிந்தது. கைப்பேசி 30 மீட்டர் தள்ளி இருந்தால், அதன் மைக்குக்கு ஒலி ஏறத்தாழ 87 மில்லிநொடி தாமதமாகவே வந்து சேரும். அதனால் கைப்பேசியின் ஒலியைப் பார்த்துப் பொருத்துவதைவிடப் படத்தைப் பார்த்துப் பொருத்துவதே சரி.

தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போக விலகுகிறதா? அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, இரண்டு கருவிகளின் கடிகாரங்களும் முழுமையாக ஒத்துப்போவதில்லை. ஒரு லட்சத்தில் 5 பங்கு வேறுபாடு இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் 180 மில்லிநொடி விலகிவிடும். நிகழ்ச்சியின் முடிவிலும் ஒருமுறை கை தட்டி வைத்திருந்தால் இதைச் சரிசெய்வது எளிது. ரீப்பரில் ஆல்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு ஒலித்துண்டின் ஓரத்தை இழுத்து, கடைசிக் கைத்தட்டலோடு பொருத்திவிடலாம். இரண்டாவது காரணம், பல கைப்பேசிகள் நொடிக்கு இத்தனை படம் என்று ஒரே சீராக எடுப்பதில்லை. வெளிச்சத்துக்கு ஏற்ப எண்ணிக்கை ஏறி இறங்கும். அத்தகைய வீடியோவை ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் சீரான படவேகத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு டிராக்கில் போடுங்கள். மூல வீடியோவை அழிக்காமல் தனியே வையுங்கள்.

எக்ஸ்போர்ட்: ஒன்று போதாது

வேலை முடிந்தது. கன்ட்ரோல், ஆல்ட், ஆர் அழுத்தினால் ரெண்டர் பெட்டி திறக்கும். இங்கே பலரும் செய்வது, எம்பி3-ஐத் தேர்ந்தெடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அத்தோடு முடிப்பது. எம்பி3 கேட்பதற்கு நல்லது, காப்பதற்கு அல்ல. காதுக்குத் தெரியாது என்று கருதும் தகவல்களை நீக்கித்தான் அது சிறிதாகிறது. நீக்கியது நீக்கியதுதான். எம்பி3-ஐ மறுபடி வேவ் ஆக்கினால் கோப்பு பெரிதாகுமே தவிர, போன ஒலி திரும்பாது. எம்பி3-ஐத் திறந்து திருத்தி மறுபடி எம்பி3 ஆக்கினால் ஒவ்வொரு முறையும் தரம் குறையும். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுப்பதுபோல.

ஆகவே மூன்று வகையாக எடுத்து வையுங்கள்.

முதலாவது, மூலப் பிரதி. 48,000, 24 பிட் வேவ். இடம் போதாவிட்டால் ஃப்ளாக். ஃப்ளாக் ஒலியில் எதையும் இழக்காமல் கோப்பைச் சிறிதாக்கும் வகை. திரும்ப வேவ் ஆக்கினால் ஒரு எண்கூட மாறாமல் கிடைக்கும்.

இரண்டாவது, டிராக் வாரியான பிரதி. ரெண்டர் பெட்டியில் மூலம் என்ற இடத்தில் முழுக் கலவைக்குப் பதிலாக 'ஸ்டெம்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், தேர்ந்தெடுத்த ஒவ்வொரு டிராக்கும் தனித்தனி வேவ் கோப்பாக வரும். எல்லைக்கு முழு ப்ராஜெக்ட் என்று வைத்தால், எல்லாக் கோப்புகளும் ஒரே நொடியில் தொடங்கும். பத்து ஆண்டு கழித்து ரீப்பர் இல்லாமல் போனாலும், நீங்கள் சேர்த்த எஃபெக்ட்டுகள் புதிய கணினியில் வேலை செய்யாமல் போனாலும், எந்த மென்பொருளிலும் இந்தக் கோப்புகளை அடுக்கி, பதிவை மீண்டும் எழுப்பிவிடலாம். பலரும் தவறவிடுவது இந்தப் பிரதியைத்தான்.

மூன்றாவது, பகிர்வதற்கான பிரதி. பேச்சு என்றால் மோனோவில் 64 கிலோபிட் எம்பி3 போதும்; ஒரு மணி நேரம் 29 எம்பிக்குள் அடங்கும். இசை என்றால் 192 அல்லது அதற்கு மேல் வையுங்கள்.

ரெண்டர் செய்யுமுன் எல்லை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். எப்போதோ தேர்ந்தெடுத்த ஒரு சிறு பகுதி அப்படியே நின்றிருந்தால் அந்தப் பகுதி மட்டுமே வெளிவரும். எக்கோ சேர்த்திருந்தால் கடைசி ஒலி பட்டென்று அறுந்துவிடாமல் இருக்க, 'டெயில்' என்ற இடத்தில் சில நொடிகள் கூடுதலாகக் கொடுங்கள். சத்தத்தை உச்சிவரை ஏற்றவும் வேண்டாம். யூடியூப் போன்ற தளங்கள் அளவுக்கு மீறிய சத்தத்தைத் தாமாகவே தணித்துவிடும். உச்ச அளவு பூஜ்யத்துக்கு ஒரு டெசிபல் கீழே இருக்கும்படி விட்டால், எம்பி3 ஆகும்போது ஒலி கரகரக்காது.

வீடியோவாக எடுக்க இரண்டு வழிகள் உண்டு. ரீப்பரிலேயே ரெண்டர் வகையாக வீடியோவைத் தேர்ந்தெடுக்கலாம். அப்போது அகலம், உயரம், படவேகம் மூன்றும் மூல வீடியோவோடு ஒத்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். நின்ற வாக்கில் எடுத்த வீடியோ கறுப்புப் பட்டைகளுக்கு நடுவே சிறுத்து வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். விண்டோஸில் இந்த வகை வேலை செய்ய எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச நிரல் தொகுப்பு தேவைப்படும்.

படத்தில் எதையும் வெட்டவில்லை, ஒலியை மட்டும் மாற்றினால் போதும் என்றால் இரண்டாவது வழி மேலானது. ஒலியைத் தனியே எடுத்து, எஃப்எஃப்எம்பெக் மூலமாகவோ வீடியோ எடிட்டர் மூலமாகவோ பழைய ஒலிக்குப் பதிலாகச் சேர்ப்பது. எஃப்எஃப்எம்பெக்கில் படத்தை மறுபடி சுருக்காமல் அப்படியே நகலெடுக்கும் வசதி இருப்பதால் படத்தின் தரம் துளியும் குறையாது. ஆப்பிள் கணினியில் லாஜிக் ப்ரோ பயன்படுத்துபவர்களுக்கு, ஒலியை நேரே வீடியோவில் சேர்த்துத் தரும் கட்டளை மூவி மெனுவிலேயே இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கப்படும். தரம் குறையாமல் போக வேண்டுமானால் 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்புங்கள்.

ஏற்றியது எல்லாம் இருக்குமா?

"யூடியூபில் போட்டுவிட்டேன், இனி பயமில்லை" என்று சொல்பவர்கள் மைஸ்பேஸின் கதையை அறிந்துகொள்ள வேண்டும். ஒரு காலத்தில் உலகெங்கும் இசைக் கலைஞர்கள் தங்கள் பாடல்களை ஏற்றி வைத்த தளம் அது. சர்வர்களை மாற்றும்போது, மூன்று ஆண்டுகளுக்கு மேல் பழமையான படங்கள், வீடியோக்கள், ஒலிக்கோப்புகள் கிடைக்காமல் போயிருக்கலாம் என்று 2019 மார்ச்சில் அந்தத் தளம் ஒப்புக்கொண்டது. தளத்தை நம்பித் தங்களிடம் பிரதி வைத்துக்கொள்ளாத கலைஞர்கள் பலருக்கு, அவற்றை மீட்க வழியில்லாமல் போனது. பகிரும் தளம் ஒரு கடைவீதி; நம் சரக்குக்கு அது கிடங்கு ஆகாது.

அனுபவசாலிகள் சொல்லும் விதி எளிது: மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில், ஒன்றாவது வேறு ஊரிலோ வேறு வீட்டிலோ. கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. வெள்ளமோ திருட்டோ மின்கோளாறோ ஒரே நேரத்தில் மூன்றையும் தொடுவது அரிது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு சிறு எழுத்துக் கோப்பும் இருக்கட்டும்: பேசியவர் யார், எங்கே, எந்த நாளில், பதிந்தவர் யார். ஐம்பது ஆண்டு கழித்துக் கேட்பவருக்குக் குரல் தெளிவாகக் கேட்டும், அது யாருடையது என்று தெரியாவிட்டால் பாதிப் பயன் போய்விடும்.

எடுத்துவைத்த பிரதியை ஆண்டுக்கு ஒருமுறையாவது திறந்து கேளுங்கள். பத்து நொடி போதும். திறந்து பார்க்காத பிரதியை இருப்பதாகக் கணக்கில் கொள்ளக் கூடாது.

சுருக்கமாக:

1. பதிவுக்கு முன் பெயர் கொடுத்துத் தனி ஃபோல்டரில் சேமியுங்கள்.
2. வெளிக்கோப்பு எதையும் முதலில் அந்த ஃபோல்டருக்குள் நகலெடுங்கள்.
3. வீடியோ சேரக்கூடும் என்றால் 48,000, 24 பிட்.
4. தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு கைத்தட்டு.
5. மூலப் பிரதி, டிராக் வாரியான பிரதி, பகிரும் பிரதி என மூன்றும் எடுங்கள்.
6. மூன்று இடங்களில் வையுங்கள். வேறு கணினியில் திறந்து சோதியுங்கள்.

இவ்வளவுக்கும் ஒரு பதிவுக்கு அரை மணி நேரம் கூடுதலாகச் செலவாகலாம். உங்கள் கணினியில் இப்போதே ஏதேனும் ஒரு பெரியவரின் குரல் ப்ராஜெக்ட் வடிவில் மட்டும் இருந்தால், அந்த அரை மணி நேரத்தை இன்றைக்கே ஒதுக்கிவிடுங்கள்.